மங்கியது விளக்குதான்

ஜூன் 9, ஞாயிறு

எனக்கு நடந்த அநியாயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். இன்று காலை நான் குளிக்கப் போயிருந்த நேரமாகப் பார்த்து, என் வீட்டு முன்னறையில் என் மனைவி தெய்வாத்தாளும் அவள் தம்பி கிட்டுச்சாமியும் உட்கார்ந்து கூட்டம் போட்டு, திருப்பூரில் இருக்கும் என் மகன் நந்தகோபாலையும் போனில் சேர்த்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய என் கார் சாவியை எடுத்துவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. துண்டோடு வந்து பார்க்கிறேன், ஆணி மட்டும் இருக்கிறது.

"சாவி எங்கடா மாப்ள?"

"அக்கா வச்சிருக்குதுங்க மாமா. கொஞ்ச நாளைக்கு நீங்க ஓட்ட வேண்டாமுங்க."

"எவன் சொன்னது?"

"எல்லாருஞ் சேந்துதான்."

"எல்லாருன்னா? என்ற கார்ல ஓட்டிப் பழகி, என்ற சுவத்துலயே இடிச்சவன் நீ. நீ எனக்குச் சொல்றியாக்கு?"

சிரித்தான். கிட்டுச்சாமிக்கு அறுபது வயதாகிறது. எதற்கும் சிரிப்பான். தெய்வாத்தாள் சமையலறையில் இருந்தபடியே சொன்னாள்: "கண்ணக் காட்டிட்டு வாங்க. சாவியப் பத்தி அப்பறம் பேசலாம்."

காரணம் என்று அவர்கள் சொல்வது வெள்ளிக்கிழமை நடந்ததை. பொழுது சாய்ந்த நேரம், வாய்க்கால் ரோட்டில் நானும் தெய்வாத்தாளும் வந்துகொண்டிருந்தோம். எதிரே ஒரு லாரி கண்ணில் அடிக்கும் விளக்கோடு கடந்து போனது. உடனே தெய்வாத்தாள் "ஐயோ, ஆளு!" என்று காது கிழியக் கத்தினாள். நான் வளைத்தேன். பால்காரர் ஆறுச்சாமியின் மொபெட்டில் தொங்கிய கேனை என் காரின் பக்கக் கண்ணாடி உரசியதில் அவர் வண்டியோடு ஓரத்துப் புல்லில் சாய்ந்தார். பால் கொட்டிப்போனது. அவர் உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவர் வண்டியில் பின்விளக்கு இல்லை. அதை அங்கேயே அவரிடம் சொன்னேன். நான் அவரைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். இவள் கத்தியதில்தான் கை பதறியது. இனிமேல் காருக்குள் கத்தக்கூடாது என்று வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன்.

சாவியை நான் தேடப்போவதில்லை. எடுத்தவர்களே அதை ஆணியில் மாட்டவேண்டும். ஆனால் ஆவணியில் என் தங்கை சிவகாமியின் மகள் மோகனப்பிரியாவுக்குக் கல்யாணம். மலையடிவாரத்து முருகன் கோயிலில் விடியற்கால முகூர்த்தம். கல்யாணப் பெண்ணைத் தாய்மாமன் தன் வண்டியில் தானே ஓட்டிக்கொண்டுபோய் கோயில் வாசலில் இறக்குவது எங்கள் குடும்பத்து முறை. சிவகாமியை எங்கள் மாமன் கூண்டு மாட்டுவண்டியில் ஓட்டிப்போனார். மோகனப்பிரியாவை நான்தான் ஓட்டிப்போக வேண்டும். இருட்டோடு கிளம்பவேண்டிய பயணம். இது தெரிந்துதான் சாவியை எடுத்திருக்கிறார்கள்.

பின்னால் யாரும் மாற்றிப் பேசக்கூடாது என்பதற்காக எழுதிவைக்கிறேன்.

ஜூன் 10, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். காரணம் முன்விளக்கு.

காலையில் காரைச் சுற்றி வந்தேன். இரண்டு முன்விளக்குக் கண்ணாடியும் பழைய நகம்போல மங்கிக் கிடக்கின்றன. கண்ணாடி என்று பேர்தான், அது பிளாஸ்டிக். வருடக்கணக்காக வெயிலில் நின்றதில் மேல்பூச்சு போய் வெடித்திருக்கிறது. உள்ளே பல்பு முழு வெளிச்சம் விட்டாலும் வெளியே பாதிகூட வராது. கிட்டுச்சாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"மங்கித்தானுங்க இருக்குது."

"அப்ப தப்பு யாரு மேல?"

"இதுவும் மங்கியிருக்குதுங்க மாமா" என்றான்.

"இதுவும்" என்று ஏன் சொன்னான் என்று கேட்டேன். டீ குடிக்கவேண்டும் என்று உள்ளே போய்விட்டான்.

ஜூன் 12, புதன்

மெக்கானிக் வந்து பார்த்தான். விளக்கு செட்டையே மாற்றிவிடலாம் என்கிறான். பழுதானதைத் தூக்கிப் போட்டுப் புதிது மாட்டுவதற்கு ஆள் எதற்கு? நான் எட்டாவதோடு நின்றவன். எரிந்துபோன ஒரு பம்புசெட் மோட்டாரைப் பிரித்துப் பார்த்து, யாரும் சொல்லித்தராமல் செப்புக்கம்பிச் சுருளான காயிலைத் திரும்பக் கட்டக் கற்றுக்கொண்டு, ரீவைண்டிங் கடை வைத்து இந்த வட்டாரத்துக் கிணறுகளையெல்லாம் ஓட்டினேன். எந்த விவசாயிக்கும் புது மோட்டார் வாங்கச் சொன்னதில்லை. இதையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

கூடத்தில் ட்யூப்லைட் மங்கல். ஓல்டேஜ் குறைகிறது. மின்வாரியத்தில் சொல்லவேண்டும்.

ஜூன் 14, வெள்ளி

செல்போனில் ஒருவர் பற்பசையால் தேய்த்துக் காட்டினார். நானும் தேய்த்தேன். பழைய பனியன் துணியில் எடுத்து வட்டமாக, ஒரு விளக்குக்கு ஒரு மணி நேரம். நன்றாகத் தெளிந்தது. பின்கட்டில் இருந்து தெய்வாத்தாள் குரல்: "பல்லு வெளக்கறதுக்குப் பேஸ்ட்டு எங்கீங்க?"

ஜூன் 15, சனி

பனியன்கள் எல்லாம் பழுப்பாக இருக்கின்றன. சோப்பை மாற்றச் சொன்னேன்.

ஜூன் 22, சனி

பற்பசை ஏமாற்று வேலை. நாலு நாள் வெயில் பட்டதும் மறுபடி பால் ஊற்றினாற்போல மங்கிவிட்டது. மேலே இருக்கும் செத்த தோலை முழுதாக உரித்து எடுக்கவேண்டும். பிறகு காற்றும் வெயிலும் தொடாதபடி மேலே ஒரு பூச்சு பூசவேண்டும். காயில் கட்டி வார்னிஷ் பூசாமல் விட்டால் மோட்டார் நிற்குமா? அதே கணக்குத்தான்.

பேப்பர்காரர்கள் மையைக் குறைத்துவிட்டார்கள். தலைப்பு மட்டும் படித்தேன்.

ஜூன் 25, செவ்வாய்

தண்ணீர் விட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பர் வாங்கிவந்தேன், முரடு முதல் நைஸ் வரை. பெயிண்டில் கீறல் விழாமல் சுற்றிலும் டேப் ஒட்டினேன். முதலில் முரடு. தேய்க்கத் தேய்க்க மஞ்சள் சேறாக வழிந்தது. அதைப் பார்க்க எவ்வளவு நிம்மதி! எத்தனை வருட அழுக்கு அது. முரடு முடிந்ததும் விளக்கு முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது. பயப்படக்கூடாது, அப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு பேப்பராக நைஸுக்குப் போகப் போகக் கீறல் மறையும். குறுக்கே ஒரு முறை, நெடுக்கே ஒரு முறை. தண்ணீரைக் காயவிடக்கூடாது.

ஆனிக் காற்று பேய்க்காற்றாக அடிக்கிறது. கணவாய் வழியாக வருகிற காற்று மண்ணை வாரிக்கொண்டு வந்து ஈரத்தில் ஒட்டுகிறது. ஒவ்வொரு மணலும் ஒரு கோடு போடும். மாட்டுக்குக் கட்டும் சாக்குப் படுதாவைக் காருக்கு முன்னால் கட்டிக்கொண்டு தேய்த்தேன். போகிறவன் வருகிறவனெல்லாம் "காருக்குப் பிரசவமாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

தோள்பட்டை கழன்றுவிட்டது. நாளைக்கும் தேய்க்கவேண்டும்.

ஜூன் 27, வியாழன்

காலையில் பாலிஷ் போட்டுத் துடைத்தேன். கிட்டுச்சாமி வந்து எட்டிப்பார்த்து, "அட! கண்ணாடியாட்ட ஆயிருச்சுங்களே மாமா!" என்றான். தெய்வாத்தாள்கூட வந்து பார்த்தாள். எனக்கு இன்னும் லேசாகப் புகை படிந்தாற்போலத் தெரிகிறது. இவர்களுக்கு எது போதும், எது போதாது என்று தெரியாது. மறுபடி நைஸ் பேப்பர், மறுபடி பாலிஷ். மத்தியானமும் அதே புகை. இன்னொரு தடவை.

"போதுமுங்க மாமா, ஓட்டை விழுந்துரும்" என்றான்.

சாயங்காலம் மேல்பூச்சு. கார் பெயிண்ட் கடையில் வெயில் தாங்கும் கிளியர் கோட் என்று ஒன்று இருக்கிறதாம். என்னிடம் அதைவிட உறுதியான சரக்கு இருக்கிறது. கடையை மூடியபோது எடுத்துவந்த இன்சுலேஷன் வார்னிஷ், அரை டின். ஆயிரம் மோட்டார்களைச் சூட்டிலிருந்து காப்பாற்றியது. வெயில் அதற்கு ஒரு பொருட்டா? நல்ல பிரஷ்ஷில் இரண்டு கை பூசி, கடையில் செய்வதைப்போலவே பக்கத்தில் குண்டு பல்பு எரியவிட்டுக் காயவைத்தேன்.

பளபளவென்று இருக்கிறது. கண்ணாடி தோற்றது.

ஜூன் 28, வெள்ளி

சதி இன்னும் முடியவில்லை.

காலையில் தெய்வாத்தாள் கோலம் போட வந்து, விளக்கைப் பார்த்து நின்றுவிட்டாள். "ஏனுங்க, நேத்து நல்லாத்தான இருந்துச்சு. இப்பத் தேன் ஊத்துனாட்ட இருக்குது?"

"எது தேன்? பளிங்காட்ட இருக்குது."

"மஞ்ச மஞ்சேல்னு இருக்குதுங்க. வெல்லப்பாகாட்ட."

கிட்டுச்சாமியை அழைத்துவந்தாள். அவன் விளக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். முதல் தடவையாக அவன் சிரிக்கவில்லை. "மாமா, உங்களுக்கு இது மஞ்சளாத் தெரியலீங்களா?" என்று மெதுவாகக் கேட்டான்.

நான் வேலை செய்து முடித்ததும் அதில் குறை சொல்லவேண்டும் என்று அக்காளும் தம்பியும் முன்கூட்டியே பேசிவைத்திருக்கிறார்கள். மஞ்சள் என்று ஒரே மாதிரி இரண்டு பேரும் சொல்வதே அதற்குச் சாட்சி.

ஜூன் 30, ஞாயிறு

பனியன் பிரச்சினை முற்றிவிட்டது. துவைப்பது சரியில்லை என்று சொன்னேன். தெய்வாத்தாள் பீரோவைத் திறந்து, கவர் பிரிக்காத புதுப் பனியன் ஒன்றை எடுத்து, என் கண்முன்னால் பிரித்து, மேசைமேல் விரித்தாள்.

"இது என்ன கலருங்க?"

"பழுப்பு. கடையிலேயே பழசக் குடுத்திருக்கறான்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. பனியனை மடித்து, கவருக்குள் திரும்ப வைத்து, அந்தக் கவரைத் தடவிக்கொண்டே நின்றாள். பிறகு பீரோவை மூடினாள்.

அவள் போனபின் பனியனை எடுத்து ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தேன். இடது கண்ணால் மட்டும் பார்த்தால் சற்று வெளுப்பாகத் தெரிகிறது. வலது கண்ணால் பார்த்தால் டீயில் முக்கியெடுத்த துணி. ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கம் இருப்பதால் அப்படி.

ஜூலை 1, திங்கள்

வலப்பக்க ஜன்னலிலும் வைத்துப் பார்த்தேன். எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 7, ஞாயிறு

மோகனப்பிரியா வந்திருந்தாள், கல்யாணப் புடவை எடுத்ததைக் காட்ட. நல்ல அரக்கு நிறம் என்றேன். "பச்சைங்..." என்று ஆரம்பித்தவள் அவள் அத்தை முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நான் கவனிக்காமல் இல்லை.

பிறகு வெளியே வந்து கார்ப் பானெட்டைத் தட்டிக்கொண்டே நின்றாள். சின்ன வயதில் இதன்மேல் உட்காரவைக்கச் சொல்லி அழுத பிள்ளை.

"மாமா, மாப்பிள்ளை வீட்டுல ஏதோ பெரிய கார் சொல்லறேங்கறாங்க. பூவெல்லாம் வச்சு. நான் வேண்டான்னுட்டேன். எங்க மாமன் கார்லதான் வருவேன்னு சொல்லிப்போட்டேன்."

"அதுதானே முறை."

"முறைதானுங்க. ஆனா நீங்க கண்ணக் காட்டாம வந்தீங்கன்னா நான் ஏறமாட்டேன். நடந்தே கோயலுக்குப் போயிருவேன். பட்டுச் சேலையக் கட்டிட்டு, வாய்க்கா ரோட்டுல, இருட்டுல. ஆறுச்சாமியண்ணனாட்ட ஓரமாப் போவேன்."

"அவனுக்குப் பின்னாடி லைட் இல்ல கண்ணு."

"எனக்கும் இல்லீங்க மாமா" என்றாள்.

சொல்லிவிட்டு உள்ளே போய் அத்தையோடு முறுக்கு சாப்பிட உட்கார்ந்துவிட்டாள்.

யோசித்துப் பார்த்ததில், கண் மருத்துவமனைக்குப் போவதுதான் சரி. கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் கையெழுத்திட்ட சர்டிபிகேட் வாங்கிவந்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, அந்த ஆணிக்கு மேலேயே மாட்டப்போகிறேன்.

ஜூலை 10, புதன்

கோயம்புத்தூர் போய்வந்தோம். பஸ்ஸில். ஓட்டத் தெரிந்தவன் பஸ்ஸில் போவது எப்படி இருக்கும் என்பதைத் தனியாக எழுதவேண்டும்.

டாக்டர் சின்னப் பெண். சொட்டு மருந்து ஊற்றி, உட்காரவைத்து, விளக்கு அடித்துப் பார்த்தாள்.

"ரெண்டு கண்ணுலயும் புரைங்கய்யா. வலது கண்ணுல நல்லா முத்திருச்சு. உள்ள இருக்கற லென்ஸ் பழுப்பாயிருச்சு. நிறமெல்லாம் மாறித் தெரியுமே, யாரும் சொல்லலீங்களா?"

தெய்வாத்தாள் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குச் சர்டிபிகேட் வேணுமுங்க" என்றேன்.

"எதுக்குங்கய்யா?"

"கார் ஓட்ட. கண்ணு நல்லா இருக்குதுன்னு."

"நல்லா இல்லீங்களே. நல்லா ஆனதுக்கப்பறம் எழுதித் தர்றேன். இப்ப நீங்க பொழுது சாஞ்சு ஓட்டவே கூடாது."

"சரி, பழுப்பாயிருச்சு. மேல நைஸாத் தேச்சு பாலிஷ் போட முடியாதுங்களா?"

"முடியாதுங்கய்யா. அத எடுத்துட்டு வேற ஒண்ணு வைக்கோணும்."

மெக்கானிக் சொன்ன அதே பேச்சு. படித்தவர்களும் இப்படி ஆகிவிட்டார்கள்.

"அது என்ன, கண்ணாடியா?"

"ஒருவகை பிளாஸ்டிக்குங்க."

"வெயில் பட்டா பிளாஸ்டிக் மங்குமே."

"இது மங்காதுங்கய்யா."

"என்ன கோட்டிங் குடுத்திருக்காங்க?"

தெய்வாத்தாள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஆனால் அந்த டாக்டர் கோபப்படவில்லை. வெயிலில் இருக்கும் கெட்ட கதிரைத் தடுக்கும் சரக்கு அந்த லென்ஸிலேயே கலந்திருக்கிறது என்று விளக்கமாகச் சொன்னாள். மேலே பூசுவதல்ல, உள்ளேயே கலந்தது. அது நல்ல வேலை. ஒப்புக்கொண்டேன்.

ஜூலை 11, வியாழன்

ஆபரேஷனுக்குச் சரி என்று சொன்னது மோகனப்பிரியாவுக்காக. வேறு யாருக்காகவும் இல்லை.

ஜூலை 19, வெள்ளி

நேற்று வலது கண். வலிக்கவில்லை. நந்தகோபால் லீவு போட்டு வந்து, வராண்டாவில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தானாம். இன்று காலை கட்டைப் பிரித்தார்கள்.

எதிரே ஒரு நர்ஸ் நின்றாள். அவள் உடுப்பு வெள்ளை. வெள்ளை என்றால் லேசாக நீலம் ஓடிய வெள்ளை. அப்படி ஒரு நிறம் இருந்தது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது, அதன் அடியில் பொடியாக இருந்த அச்சகத்தின் பேரைப் படித்தேன். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் இலைகள் தனித்தனியாக இருந்தன.

"தெரியுதுங்களாப்பா?" என்றான் நந்தகோபால்.

"உன்ற சட்டையில மூணாவது பட்டன் வேற கலரு" என்றேன்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனான். தெய்வாத்தாள் மூக்கைச் சிந்தினாள். பட்டனுக்கு அழுகிறவர்களை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

இதை எழுதும்போது மனது லேசாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 20, சனி

வீட்டில். கூடத்துச் சுவர் வெள்ளை. நான் வெள்ளை கேட்டதற்குப் பெயிண்டர் சந்தன நிறம் அடித்துவிட்டான் என்று அவனோடு பேச்சை நிறுத்தியிருந்தேன். ட்யூப்லைட்டிலும் குறை இல்லை. மின்வாரியத்தில் சொன்ன புகார் நிலுவையில் இருக்கிறது, இருக்கட்டும்.

தெய்வாத்தாளின் தலை முழுக்க நரைத்திருக்கிறது. எப்போது இப்படி ஆயிற்று என்று கேட்டேன்.

"நீங்க பாக்காத நேரமாப் பாத்துத்தான்" என்றாள்.

பிறகு வாசலுக்குப் போய்க் காரைப் பார்த்தேன். இடது கண்ணால் பார்த்தால் பளிங்கு. வலது கண்ணால் பார்த்தால் தேன். சுத்தமான தேன், கொம்புத்தேன். இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். எதிர்வீட்டுக்காரர், தன்னைப் பார்த்துத்தான் கண்ணடிக்கிறேன் என்று நினைத்து, என்ன விஷயம் என்று கேட்டார்.

அந்த வார்னிஷ் டின் பழையது. பழைய சரக்கு நிறம் மாறும். நிறத்தைப் பொறுத்தவரை மட்டும், தெய்வாத்தாள் சொன்னது சரியாக இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. வீட்டில் தேங்காய்ப்பால் வாசம். எனக்குக் கறுப்புக் கண்ணாடி, தூசியில் நிற்கக்கூடாது என்று கட்டளை. அதனால் கிட்டுச்சாமி தேய்க்க, நான் ஜன்னலுக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டேன். வார்னிஷை எடுப்பது லேசான வேலை இல்லை. அது ரீவைண்டிங் வார்னிஷ். அதன் உறுதி அப்படி.

"மாமா, காரத் தொட்டா ஷாக் அடிக்காதுங்க. அந்த மட்டுக்கும் லாபம்."

"பேசாமத் தேய்டா. தண்ணி காயுது பாரு."

"எங்க காயுது?"

"ஓரத்துல, டேப்புக்குக் கீழ. இங்கிருந்தே தெரியுது."

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நடுவில் வாசலின் முழு அகலம் இருந்தது. பிறகு பழையபடி சிரிக்க ஆரம்பித்துவிட்டான். தேய்த்து முடிக்கும் வரைக்கும் சிரித்தான்.

மேலே பூச, பெயிண்ட் கடையில் இருந்து வெயில் தாங்கும் கிளியர் கோட் வாங்கிவரச் சொன்னேன். ஏன் மனம் மாறினீர்கள் என்று கேட்டான். டாக்டர் சொன்னார் என்றேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இடது கண்ணும் முடிந்தது. இனிமேல் ஒரு கண்ணை மூடி ஒப்பிட வழியில்லை. அது ஒன்றுதான் குறை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சாமி கும்பிடப் பூஜை அலமாரிக்கு முன்னால் நின்றேன். முருகன் படத்துக்கு முன்னால் ஒரு பித்தளை வேல் இருக்கிறது. அந்த வேலில் என் கார் சாவி தொங்குகிறது.

தினமும் காலையில் இதே இடத்தில் நின்றுதான் திருநீறு பூசுகிறேன். இன்றைக்குத்தான் கொண்டுவந்து மாட்டியிருக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். சாவியின் தலையில் குங்குமம். ஒரு தடவை வைத்தது அல்ல. வெள்ளிக்கு வெள்ளி வைத்து, காய்ந்து, அதன்மேல் வைத்து, விரல் தடிமனுக்கு ஏறியிருக்கிறது. எத்தனை வெள்ளி என்று நான் எண்ணவில்லை.

சாவியைத் தொடவில்லை. எடுத்தவர்கள்தான் மாட்டவேண்டும் என்று ஜூன் 9ஆம் தேதி எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

டாக்டர் பார்த்தாள். கடைசி வரி வரைக்கும் படித்தேன். பகல், இருட்டு இரண்டிலும் ஓட்டலாம், முதலில் பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு பழகிய சாலையில் ஓட்டிப் பாருங்கள் என்றாள். சர்டிபிகேட் கேட்டேன். சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தெய்வாத்தாள் கைகால் கழுவிவிட்டு, பூஜை அலமாரிக்குப் போய், சாவியை எடுத்து, முந்தானையால் துடைத்து, ஆணியில் மாட்டினாள். குங்குமம் முழுதாகப் போகவில்லை. அது இருக்கட்டும்.

ஆகஸ்ட் 28, புதன்

இன்று பொழுது சாயும் நேரத்தில் தெய்வாத்தாளைப் பக்கத்தில் உட்காரவைத்து வாய்க்கால் ரோட்டில் ஓட்டினேன். விளக்கைப் போட்டதும் சாலை நெடுக வெள்ளை வெளிச்சம், ஓரத்துப் புல்நுனி வரைக்கும். எதிரே லாரி வந்தது. அதன் விளக்கு இரண்டு விளக்காகத்தான் இருந்தது. முன்பெல்லாம் ஒவ்வொன்றையும் சுற்றி நிலா கோட்டை கட்டினாற்போல வளையம் இருக்கும். அது லாரிக்காரர்களின் குற்றம் என்று நினைத்திருந்தேன்.

தூரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. மெதுவாகப் போனேன். ஆறுச்சாமியின் மொபெட். பின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவரை ஓரமாக நிறுத்தச் சொல்லி, நானும் காரை நிறுத்தி இறங்கினேன்.

"லைட்டு எப்பங்க மாட்டுனது?"

"இதுங்களா? வண்டி வாங்குனதுல இருந்தே இருக்குதுங்களே" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கண்ணு இப்பப் பரவால்லீங்களா? அம்மிணி சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் ஆகலீங்க, நீங்க மனசுல வச்சுக்காதீங்க" என்றார்.

அந்தச் சிவப்பு மூடியைக் குனிந்து பார்த்தேன். பழைய மூடிதான். ஓரத்தில் பாசி ஏறியிருக்கிறது. மேலே வெயில் பட்டு மங்கியிருக்கிறது. மிகவும் மங்கல் என்று சொல்ல முடியாது.

திரும்பி வரும்போது தெய்வாத்தாள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒரு திருப்பத்தில் நாய் குறுக்கே ஓடியது. நான் பார்த்து நிறுத்தினேன். அவளும் பார்த்துவிட்டாள் என்பது அவள் கை வாயைப் பொத்தப் போன விதத்தில் தெரிந்தது. ஆனால் கத்தவில்லை. நான் கத்தக்கூடாது என்று சொல்லியிருந்தேன் அல்லவா.

ஆகஸ்ட் 29, வியாழன்

விடிந்தால் கல்யாணம். எல்லோரும் மறக்காமல் இருக்க, செய்யவேண்டியதையும் செய்யவேண்டியவரையும் எழுதி, ஒரு பிரதி ஆணிக்குக் கீழே ஒட்டுகிறேன்.

முன்விளக்கு இரண்டையும் ஈரத்துணியால் துடைக்கவேண்டியது, உலர்ந்த துணி கூடவே கூடாது: கிட்டுச்சாமி.

காருக்கு மாலை கட்டும்போது ஒரு பூகூட விளக்கை மறைக்காமல் பார்க்கவேண்டியது: கிட்டுச்சாமி. சிரிக்காமல்.

மாமன் சீர்த்தட்டை மடியில் வைத்துப் பின்சீட்டில் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்காரவேண்டியது: சிவகாமி. காருக்குள் அழக்கூடாது, கோயிலில் அழுதுகொள்ளலாம்.

பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு நேரத்துக்குத் தயாராக இருக்கவேண்டியது: மோகனப்பிரியா. நடந்து போகத் தேவையில்லை.

பெயிண்டரைப் பார்த்து, வெள்ளை நன்றாக இருக்கிறது என்று சொல்லவேண்டியது: நந்தகோபால். நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம்.

கல்யாணம் முடிந்த மறுநாள், ஆறுச்சாமி வண்டியின் பின்விளக்கு மூடியைக் கழற்றி, தேய்த்து, பாலிஷ் போட்டு, கிளியர் கோட் பூசிப் புதிதுபோல மாட்டிக் கொடுக்கவேண்டியது: நான்.

கார் ஓட்டவேண்டியது: நான்.

முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, சாலையில் ஆளோ, வண்டியோ, நாயோ எது தெரிந்தாலும், எனக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துச் சும்மா இருக்காமல், வாய்விட்டுக் கத்தவேண்டியது: தெய்வாத்தாள்.